நுரையீரலில் ஒரு புள்ளி

அக்காவுக்கு இருமல் வந்த மாதத்தில் நான் எலிகளின் நுரையீரல்களில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஆய்வகத்தில், எலிகளைப் பராமரிக்கும் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். குடியிருப்பது அஸ்தம்பட்டியில், ஒரு மாடி வீட்டில். காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினால் எட்டரை மணிக்குள் எலி அறைக்குள் இருப்பேன். மேலங்கி, கையுறை, தலை உறை, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக முடியும். எலிகளிடமிருந்து எங்களைக் காப்பதற்கு அல்ல. எங்களிடமிருந்து எலிகளுக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு.

நாங்கள் அந்த எலிகளுக்கு மார்பகப் புற்றுநோயை வரவழைக்கிறோம். இதை யாரிடம் சொன்னாலும் ஒரு கணம் முகம் மாறும். பெண் சுண்டெலிகள், வெள்ளை நிறம். வயிற்றோரம் காம்புக்கு அடியில், பால் சுரக்கும் திசுவில், புற்றுச் செல்களை ஊசியால் ஏற்றுவோம். சில நாளில் விரலுக்குக் கட்டி தட்டுப்படும். பட்டாணி அளவுக்கு வந்ததும் அறுத்து எடுத்துத் தையல் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சியே ஆரம்பம். கட்டியை எடுப்பதற்கு முன்பே அதிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலந்துவிட்ட செல்கள் நுரையீரலில் போய்க் குடியேறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில வாரங்கள் விட்டு, எலியை வாயு நிரப்பிய பெட்டியில் வைத்து உயிரை எடுத்து, நுரையீரலை மஞ்சள் திரவம் ஒன்றில் ஊறப்போடுவோம். நுரையீரல் முழுக்க மஞ்சளாகிவிடும். புற்று பரவிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே வைத்து அவற்றை எண்ணுவது நான்.

ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். “வர்ற எலியைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. வராத எலிதான் எனக்கு வேணும்” என்று மட்டும் அடிக்கடி சொல்வார். ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீனி, ஒரே அளவு ஊசி. ஒன்றின் நுரையீரலைத் திறந்தால் அரிசி குருணையைத் தூவியதுபோல் இருக்கும். பக்கத்துக் கூண்டில் இருந்ததன் நுரையீரலில் ஒன்றுமே இருக்காது. அந்த இரண்டாவது உடம்பு எதை வைத்துத் தடுத்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்கு முட்டைக் கோழிப்பண்ணை. பெயருக்குத்தான் மாமா பண்ணைக்காரர். கோழிகளைப் பார்ப்பது அக்காதான். எந்த ஷெட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது, எந்த வரிசையில் முட்டை ஓடு மெலிந்து வருகிறது, எந்தக் குஞ்சுக்கு எந்தத் தேதியில் தடுப்பு மருந்து என்று எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் சத்தத்தைக் கேட்டே, “நாலாவது வரிசைல ஏதோ சரியில்ல” என்பாள். போய்ப் பார்த்தால் ஒரு கோழி கழுத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் தன் மார்பில் இருந்த கட்டியை மட்டும் அவள் கண்டுபிடிக்கவில்லை. முட்டை அட்டைகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதால் வந்த கன்றல் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தபோது அக்குளிலும் ஒன்று வந்திருந்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். அப்புறம் ஊசி மருந்து, மின்சார வைத்தியம் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு. முடி முழுக்கக் கொட்டி, திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது. “கூலியில்லாம பார்லர் பண்ணி உட்டுட்டாங்க” என்று சொல்லித் தலையைத் தடவிக் காட்டினாள். அவ்வளவுதான். மறுபடியும் ஷெட்டுக்குள் போய்விட்டாள். மூன்று வருடமாகப் பரிசோதனைகள் நன்றாகவே இருந்தன.

அவளுக்கு நோய் வந்த பிறகும் நான் ஏன் இந்த வேலையை விடவில்லை என்று சிலர் கேட்டார்கள். விட நினைத்தேன். மேடத்திடம் சொல்லவும் செய்தேன். வேறு பிரிவுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். ஆனால் மாறிப் போன ஒரு வாரம், இங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கட்டியை எடுத்து நெடுநாள் ஆன எலிகளில் ஒரு குழுவை வைத்திருந்தோம். உடம்பு இளைக்காமல், மூச்சு வாங்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. அவற்றில் பாதியைத் திறந்து பார்த்தோம். எல்லா நுரையீரலும் சுத்தம். எண்ண எதுவுமில்லாமல் தாளில் சுழியம் சுழியமாக எழுதினேன். அந்த நாள் முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. மீதிப் பாதிக்கு மேடம் ஒரு மருந்தை ஏற்றச் சொன்னார். அது இரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளணுக்களை மட்டும் தேடி அழித்துவிடும். புதிதாகப் புற்றுச் செல் எதையும் அந்த எலிகளுக்கு நாங்கள் ஏற்றவில்லை. இதை நான் நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் ஊசி போட்டது நான்தான்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தோம். முதல் நுரையீரலை விளக்குக்கடியில் வைத்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாங்கள் எதையும் போடவில்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவை ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கின்றன, என் கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒவ்வொரு செல்லாக. அந்த வெள்ளணுக்கள் அவற்றை வளரவிடாமல் அமுக்கி வைத்திருந்தன. நாங்கள் காவலை எடுத்ததும் எழுந்துவிட்டன.

மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவர் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது சரி என்று அந்த நுரையீரல்கள் சொல்லிவிட்டன. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சுத்தம் என்று நான் எழுதிய சுழியங்கள் எல்லாம் கண்முன் வந்தன.

அதற்கு இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். ஏதோ ஒரு விசேஷத்துக்குப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவே இருமினாள். மறுபடியும் இருமினாள்.

“எத்தன நாளாக்கா இருமல்?”

“அது கெடக்குது, பத்துப் பாஞ்சு நாளா. எரு அள்ளுனாங்க, அந்தத் தூசி.”

“பாஞ்சு நாளாவா?”

“ஏம்புள்ள, இருமுனதுக்கு இப்புடிக் கத்தற?”

நான் கத்தியது எனக்கே தெரியவில்லை. அவளை மறுநாளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவரிடம் கெஞ்சினேன். மாமா கூட்டிக்கொண்டு வந்தார்.

சேலத்தில் இப்போது அவளைப் பார்க்கும் டாக்டர் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அன்று மாலையே அவர் மேஜையின் முன் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். திரையில் அக்காவின் நுரையீரல் அடுக்கடுக்காக ஓடியது. டாக்டர் ஓரிடத்தில் நிறுத்தினார். வலது பக்கம், கீழே, ஒரு புள்ளி. வெள்ளையாக.

“மிளகு அளவுதான் இருக்கு” என்றார் டாக்டர். “இந்த அளவுல ஊசி வச்சுச் சதை எடுத்துப் பார்க்கறதும் கஷ்டம். புற்றாவும் இருக்கலாம், பழைய தழும்பாவும் இருக்கலாம். பழைய ஸ்கேன் படம் ஏதாவது இருக்கா?”

“அதெல்லாம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிலயே குடுத்துட்டமுங்க” என்றார் மாமா.

“சரி. மூணு மாசம் கழிச்சு எடுப்போம். வளர்ந்திருந்தா என்ன செய்யணுமோ செய்யலாம்.”

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் புள்ளிகளை எண்ணிய என் முகம் என்ன காட்டிக்கொடுத்ததோ தெரியாது.

அன்று அவர்களை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாமா மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அக்கா கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

“உன்ற எலிகளுக்கும் இப்புடித்தான் நெஞ்சுல வருமா?”

“வரும்.”

“எல்லாத்துக்குமா?”

“இல்லக்கா. சிலதுக்கு வராது.”

“வராததுக்கு ஏன் வரல?”

அவள் கேட்டது சாதாரண ஆறுதலுக்காக அல்ல. கோழிகளில் வெள்ளைக்கழிச்சல் வந்தபோது எது விழுந்தது, எது நின்றது என்று வருடக்கணக்கில் பார்த்தவள் கேட்ட கேள்வி அது. அதனாலேயே என்னால் மழுப்ப முடியவில்லை.

“ஒடம்பே தடுத்துருதுக்கா. ரத்தத்துல வெள்ளணு இருக்குதல்ல, அதுல ஒரு வக, நெஞ்சுல வந்து ஒட்டற புத்துச் செல்லத் தேடிப் போயிக் கொல்லும். கொல்ல முடியாதத வளர உடாம அமுக்கி வெச்சுக்கும்.”

“அமுக்கி வெச்சுக்கும்னா? உள்ளதான் கெடக்குமா?”

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மூன்று நாளாக எனக்குள்ளேயே வைத்திருந்ததை யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது எனக்கு. “கெடக்கும்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தமாக இருந்த எலிகள், நான் போட்ட ஊசி, மூன்று வாரம், வெள்ளைப் புள்ளிகள்.

அக்கா கேட்டு முடித்துவிட்டுக் காப்பியைக் கீழே வைத்தாள். “அப்ப இந்த மூணு வருசமா என்ற ஒடம்பு காவல் இருந்திருக்குது” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்லவேளை, இவள் தைரியசாலி, இதை இப்படி எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

“காவலுக்கு இருக்கறது அசந்துட்டா?” என்று கேட்டாள் அவள்.

மாமா படியேறி வரும் சத்தம் கேட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். பத்து நாளில் மாமா போன் செய்தார். வழக்கமாக “என்ன சாமி, நல்லாருக்கறயா” என்று ஆரம்பிப்பவர், அன்று எடுத்ததுமே கேட்டார்.

“நீ உங்க அக்காகிட்ட என்ன புள்ள சொன்ன?”

“ஏனுங் மாமா?”

“ஊட்டு வாசல்ல மருந்துத் தண்ணித் தட்டு வெச்சிருக்கறா. ஷெட்டுக்குள்ள போறப்ப காலு நனைக்கறமல்ல, அதாட்டம். நானு தும்முனா வெளிய படுங்கறா. கண்ணாலத்துக்குப் போகல, கோயலுக்குப் போகல. மணிக்கொருக்கா காச்சக்குச்சியக் கக்கத்துல வெக்கறா. சோத்தப் பாதில வெச்சுட்டு எந்திரிச்சுப் போறா. கேட்டா, காவல் அசந்துரும்ங்கறா. என்ன காவலு?”

நான் சொன்னேன். “படிச்ச புள்ளதான நீ” என்றார் பிறகு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் நான் வேலை செய்த விதம் எனக்கே பிடிக்கவில்லை. கூண்டுச் சீட்டுகளை மாற்றி மாட்டினேன். ஓர் எலி என் கையுறையைக் கடித்து விரலில் இரத்தம் வந்தது. குளிக்கும்போது என் மார்பைத் தொட்டுப் பார்க்க விரல் போகும், தொடுவதற்குள் எடுத்துவிடுவேன். தொட்டால் ஏதாவது தட்டுப்பட்டுவிடும் என்ற பயம். அக்காவுக்கும் எனக்கும் ஒரே இரத்தம். அவளுக்கு வந்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வந்தபோதே டாக்டர் என்னையும் மார்பைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மூன்று வருடமாகப் போகவில்லை. ஆயிரக்கணக்கான எலிகளின் கட்டியை விரலால் அளந்தவள் நான்.

கடைசியில் மேடத்தின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“எலியோட காவலை எப்படி எடுத்தோம்?”

“மருந்து போட்டு, மேடம்.”

“என்ன மாதிரி மருந்து? அந்த வகை அணுவையே ஒட்டுமொத்தமா துடைச்சு எடுக்கற மருந்து. உடம்புல அது இல்லாமயே போயிடுச்சு. உங்க அக்காவுக்கு ஒரு சளி பிடிச்சா, ஒரு நாள் தூங்கலைன்னா, அப்படி ஆகுமா?”

“ஆகாது.”

“அதை ஏன் அவங்ககிட்டச் சொல்லல?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இன்னொண்ணும் சொல்றேன்” என்றார். “எலியில நடந்தது எலியில நடந்தது. மனுஷங்க உடம்புலயும் அப்படியே நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. நடக்காதுன்னும் சொல்ல முடியாது. அவங்க நெஞ்சுல இருக்கற புள்ளி என்னன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டு வந்திருக்கீங்க.”

ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்துக்குப் போனேன். வாசலில் மாமா சொன்ன தட்டு இருந்தது. நான் காலை நனைத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். தூரத்தில் ஷெட்டிலிருந்து கோழிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மேடம் சொன்னதை வரி விடாமல் சொன்னேன். நாங்கள் எலிக்குச் செய்தது சாதாரணமாக எந்த உடம்புக்கும் நடக்காது என்று சொன்னேன். சளிக்கும் தூக்கமில்லாததுக்கும் அந்தக் காவல் ஓடிப்போகாது என்று சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள்.

“இத ஏன் அன்னிக்கே சொல்லல?”

“எனக்கே பயமா இருந்துச்சுக்கா.”

“அதான்” என்றாள். “உன்ற பயத்தக் கொண்டாந்து எங்கிட்ட எறக்கி வெச்சுட்டுப் போயிட்ட. பாதியச் சொன்ன. மீதிய நானாக் கட்டிக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் எந்திரிச்சதும், இன்னிக்கு உள்ள என்ன பண்ணுதோ, தூங்குதோ முழிச்சுக்குச்சோன்னு... இருமுனா பயம். இருமாட்டிப் போனாலும், ஏன் நின்னுச்சுன்னு பயம்.”

அப்போதுதான் கவனித்தேன். நான் வந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

“இருமல் எப்ப நின்னுச்சு?”

“ஷெட்டுக்குப் போறத நிறுத்துன நாலஞ்சு நாள்ல.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தூசி என்று அவள் முதலிலேயே சொன்னாள். ஆனாலும் புள்ளி இருந்தது. இருமல் நின்றதை வைத்து அந்தப் புள்ளி என்னவென்று சொல்லிவிட முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் சந்தோஷப்படவில்லை.

அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. கிளம்பும்போது, “எலிங்களப் பாக்க என்னய உள்ள உடுவாங்களா?” என்று கேட்டாள். விடமாட்டார்கள், அதுவும் கோழிப்பண்ணையில் இருப்பவர்களைக் கட்டாயம் விடமாட்டார்கள் என்றேன். தலையசைத்தாள். வெளியாட்களை அவளும் தன் ஷெட்டுக்குள் விட்டதில்லை.

தட்டை மட்டும் அவள் எடுக்கவில்லை. மூன்று மாதமும் அது வாசலிலேயே இருந்தது.

அந்த மாதங்களில் மேடம் சோதனையை இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடியும் அதே மருந்து, அதே மூன்று வாரம். மறுபடியும் வெள்ளைப் புள்ளிகள். ஆனால் ஒன்றில் மட்டும் எதுவுமில்லை. மருந்து போட்டும், காவல் போயும், அந்த எலியின் நுரையீரலில் எதுவும் எழவில்லை. நான் விளக்கை நகர்த்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேடம் வந்து பார்த்தார். “மருந்து சரியா ஏறாம இருந்திருக்கலாம். இல்ல, அதுக்குள்ள புற்றோட விதையே விழாம இருந்திருக்கலாம். வேற ஏதோ ஒண்ணு தடுத்தும் இருக்கலாம். எழுதி வைங்க” என்றார். சுழியம் என்று எழுதினேன். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அதில் எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று முதலில் யோசித்தேன். மிகக் கொஞ்சம்தான்.

இரண்டாவது ஸ்கேனுக்கு மூன்று நாள் இருக்கும்போது மாமாவிடமிருந்து போன் வந்தது. அக்கா ஷெட்டுப் பக்கம் வராததால் தடுப்பு மருந்துக் கணக்கை அவரே பார்க்க வேண்டியிருந்தது. குஞ்சுகளுக்கான மருந்துச் சீட்டுகளைத் தேடி, தீவன அறையில் இருந்த இரும்பு பீரோவைக் கலைத்திருக்கிறார். அடியில், அக்கா சீட்டுகளைக் கட்டி வைத்திருந்த துணிக்குக் கீழே, ஒரு பெரிய கவர். கோயமுத்தூரில் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த நெஞ்சு ஸ்கேன் படம்.

“நெசமாலுமே ஆஸ்பத்திரில குடுத்துட்டம்னுதான் நெனச்சேன். உங்க அக்காளுக்கும் நெனப்பில்ல” என்றார். “இது எதுக்காச்சும் ஆகுமா?”

“கொண்டு வாங்க மாமா. மடிக்காமக் கொண்டு வாங்க” என்றேன்.

ஸ்கேன் அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நல்ல கூட்டம். அக்கா உள்ளே போய்விட்டாள். மாமா கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நுரையீரல்களைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. ஒன்றாக இருந்த புள்ளி இரண்டாகி, பத்தாகி, எண்ண முடியாமல் போயிருக்கும் என்று நானே முடிவு செய்து, அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

டாக்டர் புதிய படத்தைத் திரையில் ஓட்டினார். புள்ளி அங்கேயே இருந்தது. அளந்தார். அதே அளவு. பழைய பிலிமைக் கவரிலிருந்து எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் திரும்புவதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி சாயங்காலம் வரை வலித்தது.

“இதோ இருக்கு பாருங்க” என்றார். “இதே இடம். அப்பவே இருந்திருக்கு. ரொம்பச் சின்னதுனால ரிப்போர்ட்ல எழுதல போல. கட்டியை எடுக்கறதுக்கு முன்னாடியும் இதே அளவு, இப்பவும் இதே அளவு. சின்ன வயசுல உங்களுக்கு நெஞ்சுச் சளி ஏதாவது பெரிசா வந்துச்சாம்மா?”

அக்கா யோசித்தாள். “எட்டு வயசுல மூணு மாசம் படுத்துக் கெடந்தேனுங்க. ஊசி போட்டுட்டே இருந்தாங்க.”

“அந்தத் தழும்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துக்கலாம். இப்ப பயப்பட ஒண்ணுமில்ல.”

மாமா வெளியே வந்ததும் சுவரைப் பார்த்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கா அழவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “பசிக்குது” என்றாள். எதிரே தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கி, கார சட்னி வழிய வழிய, நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தழும்பு என்றாலும், வேறு எங்காவது ஒற்றைச் செல்லாக ஏதாவது கிடக்கலாமே என்று என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“உனக்குப் பாத்தாச்சா?” என்றாள்.

“என்னக்கா?”

“நடிக்காத. மாருப் படம். எனக்கு வந்தப்பவே உன்னய எடுக்கச் சொன்னாரல்ல டாக்டரு.”

நான் கையிலிருந்த தட்டுவடையைக் கடித்தேன்.

“மூணு வருசமாவா?” அவள் தட்டைக் கீழே வைத்தாள். “எலிக்கு எலி தடவிப் பாக்கற, உனக்குப் பாக்க மாட்டயா? வா உள்ள.”

“இன்னிக்கு வேண்டாம்க்கா. அடுத்த வாரம்...”

“எனக்கு மட்டும் பயமில்லாமயா அந்தக் குழாய்க்குள்ள போயிப் படுத்தேன்? வாடி.”

திரும்பவும் அதே வராண்டா. இந்தத் தடவை மடியில் கைப்பையோடு காத்திருந்தது அவள். உள்ளே ஒரு பெண் என் தோளைப் பிடித்து நிறுத்தி, கையை உயர்த்தச் சொல்லி, மார்பைக் குளிர்ந்த தட்டில் வைத்து மேலிருந்து இன்னொரு தட்டால் அழுத்தினார். “மூச்சு விடாதீங்க” என்றார். எனக்கு விடும்படியாக மூச்சே இல்லை. அந்தச் சில நொடிகளில், என் கைக்குள் அடங்கிப் பதறும் எலிகளின் நெஞ்சுத் துடிப்பு அப்படியே என் நெஞ்சுக்குள் கேட்டது.

முடிவு மறுநாள்தான் என்றார்கள். அக்காவும் மாமாவும் ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ஒன்றுமில்லை, வருடம் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. மூன்று தடவை படித்தேன். படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் எடுத்தபோது பின்னால் கோழிகளின் இரைச்சல் காதைப் பிளந்தது.

“ஒன்னுமில்லையாமாக்கா” என்று கத்திச் சொன்னேன்.

“என்ன?”

“ஒன்னுமில்லையாமா!”

“சரி சாமி. வருசா வருசம் போயிரோணும், ஆமா” என்றாள். “முட்ட லாரி வந்து நிக்குது. அப்பறம் கூப்புடறேன்.”